கேட்காத காதும் காயம்தான்

எங்கள் தோட்டப்புறங்களில் ஒரு பெண்ணுக்குக் காது கேட்பது குறைந்துவிட்டால் அவளுடைய பெயரும் போய்விடுகின்றது. ‘செவிட்டு அக்கா’, ‘டமாரக் கெழவி’, கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் ‘காது கேக்காத அம்மா’. தாய் தகப்பன் வைத்த பெயர் செக்ரோலில் மட்டும் மிஞ்சியிருக்கும். கண் மங்கியவருக்காக நாம் இரங்குகின்றோம். கால் இழந்தவருக்கு வழி விடுகின்றோம். காது கேளாதவரைப் பார்த்து மட்டும் ஏனோ சிரிக்கின்றோம், இல்லாவிட்டால் எரிந்து விழுகின்றோம்.

பதுளை மாவட்டத் தோட்டங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்து வருகின்றேன். பசறை, லுணுகலை, அப்புத்தளை, ஹல்துமுல்ல என்று லயம் லயமாக ஏறி இறங்குவதுதான் என் தொழில். வாழ்வாதாரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடும்பப் பிணக்கு என்று எதையோ பேசப் போகும் இடத்தில், நான் சொல்வது எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு தலையாட்டுகின்ற பெண்கள் இருப்பார்கள். கூட்டம் முடிந்து, “அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன கொண்டுவரச் சொன்னேன் அம்மா?” என்று கேட்டால் அதற்கும் ஒரு தலையாட்டல். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

அவர்களில் ஒரு பகுதியினர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகும், பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்த 1983 ஜூலைக்குப் பிறகும், ஊவாவின் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்ச் சேர்ந்தன. காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். பாதுகாப்பைத் தேடிப் போன இடத்துக்கே யுத்தம் வந்து சேர்ந்தது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்து, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, அங்கே யாரும் மிஞ்சாத நிலையில் அக்கா வீடு, சித்தப்பா வீடு என்று பழைய தோட்டத்துக்கே வந்து சேர்ந்த பெண்கள் இவர்கள்.

இவர்களிடம் “யுத்தத்தில் உங்களுக்குக் காயம் ஏதும் பட்டதா?” என்று கேட்டால், “எனக்கு ஒண்ணும் ஆகல மிஸ், சும்மா காது மட்டுந்தான்” என்பார்கள். அந்த ‘சும்மா’வைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இரத்தம் வராத காயம்

ஷெல் விழுந்து வெடிக்கும்போது சிதறல்கள் மட்டும் பறப்பதில்லை. காற்றே ஒரு சுவர் போல எழும்பி வந்து மோதுகின்றது. அந்த அடியை உடம்பில் முதலில் வாங்குகின்ற உறுப்புகளில் ஒன்று காது. வெளிக்காதின் உட்கோடியில் மெல்லிய தோலாலான செவிப்பறை இருக்கின்றது. அது கிழியலாம். அதற்குப் பின்னால் சங்கிலி போலக் கோர்த்திருக்கும் மூன்று சிறு எலும்புகள் இடம் பெயரலாம். அதற்கும் உள்ளே, நத்தை ஓடு போலச் சுருண்ட உட்காதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்க் கலங்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்கு அனுப்புபவை இவைதான்.

கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டாலும் சத்திர சிகிச்சை செய்து ஒட்டலாம். ஆனால், அந்த நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை செத்துவிட்டால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. வெளியே பார்த்தால் காது காதாகவே இருக்கும். வடு இல்லை, கட்டு இல்லை. நான் பார்த்த விபரப் படிவங்களில் கால், கை, கண் என்று கட்டம் இருந்தது. காதுக்குக் கட்டம் இருந்த படிவங்கள் மிகக் குறைவு. கேட்கப்படாததால் இவர்களும் சொல்லவில்லை.

நாம் சாதாரணமாகக் கதைப்பது ஏறத்தாழ 60 டெசிபல். குசுகுசுப்பது 30. துப்பாக்கி வெடி 140ஐத் தாண்டும். 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாலே காது படிப்படியாகக் கெடும் என்றால், பங்கருக்குள் மாதக்கணக்கில் இருந்தவர்களின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கு ஒரு காது மற்றதை விட மோசமாக இருப்பதையும் கவனித்திருக்கின்றேன். “புள்ளைய இந்தப் பக்கம் அணைச்சிக்கிட்டு வாசல் பக்கமா நான் படுத்திருந்தேன்” என்று ஓர் அம்மா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். எந்தக் காது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

யுத்தத்தைக் காணாத தோட்டப் பெண்களுக்கும் இந்தக் குறை வருகின்றது. சிறுவயதில் காதில் சீழ் வடிந்து கவனிக்காமல் விட்டது, தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சத்தம், அந்தக் காலத்தில் காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, முதுமை என்று காரணங்கள் பல. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோவொரு அளவில் கேட்டல் குறைபாடு இருக்கின்றது. அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவை. ஆகவே இது ‘கெழவிகளின் வியாதி’யும் அல்ல, முன்வினையும் அல்ல.

‘வேண்டியது மட்டும் கேக்குது’

மருமகள்மார் சொல்லும் பெரிய குற்றச்சாட்டு இது. “மிஸ், இவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். வேலை சொன்னாத்தான் கேக்காது.” நாத்தனார்மாரும் அப்படியே சொல்கின்றார்கள். இந்த ஒரு வசனத்தால் உடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

வெடிச்சத்தத்தாலும் வயதாலும் வருகின்ற கேளாமையில் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் முதலில் போகும். கனத்த ஒலிகள் நின்றுவிடும். நம் பேச்சில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் கனமானவை. க, ச, த, ப என்று சொல்லைத் தொடங்கி வைக்கும் மெய்யொலிகள் குறுகியவை, மெல்லியவை. ‘கடை’, ‘சடை’, ‘தடை’, ‘படை’ என்று நான்கு சொற்களைச் சொன்னால் அந்த அம்மாவின் காதில் நான்கும் ‘அடை’ என்றுதான் விழும். சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. “ஆள் கதைக்கிறது தெரியுது, என்னா கதைக்கிறாங்கன்னு வெளங்கல” என்று அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

மீதியை அவர்கள் உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கின்றார்கள். யாரும் கற்றுக் கொடுக்காமலே பழகிய வித்தை அது. அதிலும் பள்ளங்கள் இருக்கின்றன. ‘பாலை’ என்றாலும் ‘மாலை’ என்றாலும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். ‘தாய்’, ‘நாய்’ இரண்டுக்கும் நாக்கு ஒரே இடத்தில்தான் படும். ‘க’ தொண்டைப் பக்கத்தில் பிறப்பதால் உதட்டில் ஒன்றுமே தெரியாது. வெற்றிலை போட்ட வாயையும் பெரிய மீசையையும் சொல்லவே வேண்டாம். 2020 இல் கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டபோது, தம் காது இன்னும் மோசமாகிவிட்டதென்று பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. காது அப்படியேதான் இருந்தது, உதடுகள்தான் மறைந்து போயிருந்தன.

பகல் வெளிச்சத்தில் மகன் முகத்தைப் பார்த்துப் பேசும்போது விளங்கும். இருண்ட லயத்துக் குசினியில் மருமகள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புப் புகைக்குள்ளிருந்து சொன்னால் விளங்காது. ஆணின் கனத்த குரல் விளங்கும், பெண் குரல் அவ்வளவாக விளங்காது. எல்லாவற்றுக்கும் முதலில் கைநழுவிப் போவது பேரப்பிள்ளையின் மழலைக் குரல். வேண்டியது மட்டும் கேட்கிறது என்று சொல்கின்றவர்கள், அந்தக் கிழவிக்கு மிகவும் வேண்டிய குரல் எது என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

உரக்கக் கத்துவதால் பயனில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும், மெய்யொலி பெருக்காது. முகமும் கோபமுகமாக மாறிவிடும். பக்கத்தில் வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, தொட்டுக் கூப்பிட்டு, சற்று நிதானமாகச் சொன்னால் போதும். ஒரு சொல் விளங்காவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். ‘கடைக்குப் போ’ விளங்கவில்லையா, ‘மாவு வாங்கிட்டு வா’ விளங்கும்.

மலையில் இதன் விலை இன்னும் கூடுதல். கங்காணி கீழ்ப் பாதையிலிருந்து மலை மாறச் சொல்லிக் குரல் கொடுப்பார். கேட்காதவள் பழைய நிரையிலேயே நின்றுகொண்டிருப்பாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எத்தனை கிலோ எழுதப்பட்டது என்று விளங்காது, அரைப் பேர் போட்டதும் வீட்டுக்கு வந்த பின்தான் தெரியும். குளவி கலைந்தால் எல்லோரும் சத்தமிட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்தச் சத்தம் எட்டாதவள் கடைசியாகத்தான் ஓடத் தொடங்குவாள். ஒரு பெண் எனக்குச் சொன்னது: “நான் கொழுந்தப் பாக்குறத விட பக்கத்து நிரைக்காரியோட மூஞ்சியத்தான் மிஸ் பாத்துக்கிட்டே இருக்கேன்.” எட்டு மணித்தியாலமும் அப்படிப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது எவ்வளவு களைப்பு! மாலையில் அவள் யாருடனும் பேசாமல் சுருண்டு படுத்தால் அதற்கும் ‘மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டா’ என்று ஒரு பெயர்.

முதலில் காதைக் காட்டுங்கள்

கேட்டல் கருவி எல்லோருக்கும் தேவைப்படாது. குறும்பி இறுகி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ முதலில் அதற்கு வைத்தியம் வேண்டும். வெள்ளைப்பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவது நம் வீடுகளில் பரம்பரை வைத்தியம். ஷெல் அடிபட்ட காதில் ஓட்டை இருக்கலாம். அதற்குள் எண்ணெயோ தண்ணீரோ போகவே கூடாது. ஊசியும் நெருப்புக்குச்சியும் அப்படித்தான். திடீரென்று ஓரிரு நாளில் ஒரு காது அடைத்துப் போனால் அது அவசர விஷயம், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே போக வேண்டும். சில நாட்களுக்குள் மருந்து கிடைத்தால் மீள வாய்ப்புண்டு, தள்ளிப்போனால் குறைவு.

தோட்ட மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, தியத்தலாவை, வெலிமடை போன்ற ஆதார வைத்தியசாலைகளூடாகவோ நேரடியாகவோ பதுளைப் பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். கேட்டல் பரிசோதனையில் வலி எதுவும் இல்லை. அமைதியான அறையில் காதில் ஒரு கருவியை மாட்டி, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக விடுவார்கள். கேட்டால் கையை உயர்த்த வேண்டும் அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். இது பள்ளிக்கூடப் பரீட்சை அல்ல. கேட்காததைக் கேட்டதாகக் காட்டினால் நட்டம் நமக்குத்தான். தலையாட்டிப் பழகிய பெண்களுக்கு இதை நான் போகும் வழியில் பஸ்ஸிலேயே இரண்டு மூன்று தடவை சொல்லி வைப்பேன்.

மொழிப் பிரச்சினையும் உண்டு. சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனையைச் சிங்களத்தில் செய்தால், தெரியாத மொழியா கேட்காத காதா என்று பிரித்தறிய முடியாது. 1987 இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதல்ல. தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கின்றாரா என்று பதற்றப்படாமல் கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது, ஆனால் வைத்தியர் அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு மகள் பதில் சொல்லக் கூடாது. வெடிச்சத்தத்தால் வந்தது, இன்ன ஆண்டு என்பதையும் வெட்கப்படாமல் சொல்லிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

கருவியைக் கடையில் வாங்குவதென்றால் தோட்டச் சம்பளத்தில் பல மாதம் போய்விடும். எனவே பரிசோதனை முடிவை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கின்றது. உதவி உபகரணங்களுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், கிளினிக் அட்டையில் வேறு பெயர் என்றிருந்தால் அங்கேயே இழுபடும். எழுத்துப் பிழைகளை முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள்.

றங்குப் பெட்டிக்குள் போன மெஷின்

என்னை மிகவும் வருத்துகின்ற காட்சி, கருவி கிடைக்காதது அல்ல. கிடைத்த கருவி, வந்த பெட்டியோடு றங்குப் பெட்டிக்குள் கல்யாணச் சேலைக்கு அடியில் கிடப்பது. எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். “போட்டேன் மிஸ், ஒரே எரைச்சல். களட்டி வச்சிட்டேன்.”

கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெரிகின்றது. காது மெஷின் அப்படியல்ல. பத்துப் பன்னிரண்டு வருடம் அரைகுறைச் சத்தத்தில் வாழ்ந்த மூளை, இருட்டறையிலிருந்து நடுப்பகல் வெயிலுக்கு வந்தவரின் கண் மாதிரிக் கூசிப்போகும். விறகு வெடிப்பது, கரண்டி விழுவது, செருப்பு தேய்வது, பக்கத்துக் காம்பறா றேடியோ, தன் புடவை உரசுவது எல்லாமே ஒரே பெருஞ்சத்தமாக வரும். சொந்தக் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். மழை பெய்யத் தொடங்கினால் தகரக் கூரை தலைக்குள் இடிக்கும். எது தேவையான சத்தம், எது தேவையில்லாதது என்று பிரித்தெடுப்பதை மூளை மறந்து போயிருக்கின்றது. அது திரும்பப் பழக ஆறு வாரமும் ஆகலாம், மூன்று நான்கு மாதமும் ஆகலாம். கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுத்தால், என் அனுபவத்தில், கருவி காதிலேயே நிற்கின்றது.

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் போதும். அமைதியான நேரம், ஒரே ஒரு ஆள், முகத்துக்கு முகம். பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குசினி வேலை, அதன்பின் பீலியடி, கோயில், கடைசியாகத்தான் பதுளை பஸ் ஸ்டாண்ட். எடுத்த எடுப்பிலேயே திருவிழாவுக்கு மாட்டிக்கொண்டு போய்த் தப்புச் சத்தத்தில் தலைவலி வந்து கழற்றி எறிந்தவர்கள் இருக்கின்றார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்திரிகையைத் தினமும் கொஞ்சம் உரத்து வாசித்து, தங்கள் குரலைத் தாங்களே கேட்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது பேரப்பிள்ளையின் பாடப் புத்தகம். பிள்ளை விரலை வைத்து வாசிக்க, அம்மம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிள்ளைக்கும் பாடம் ஆகிவிடும். வானொலிச் செய்தியில் முகம் இல்லை, அதனால் அது கடினம். அதைப் பிந்திய வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியைக் காதுத் துளையில் வைக்காமல், காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியின் மைக் பக்கம் பிடித்தால் நன்றாகக் கேட்கும்.

விசில் மாதிரிக் கீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் காதுக்குள் வைக்கும் அச்சு தளர்வாக இருக்கின்றது என்று அர்த்தம். சரியாக மாட்டிப் பாருங்கள். மாட்டியும் கீச்சிட்டால் அச்சை மாற்ற வேண்டும். காது புண்ணானாலும் அதே. பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். மலையில் கூடைக்கயிறும் முக்காடும் கருவியில் உரசிக் கரகரக்கும். ஒரு பெண் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஊசி குத்திக்கொள்ளும் ஒரு முறையை வைத்திருந்தார். இப்போது அந்தத் தோட்டத்தில் இரண்டு பேர் அதைப் பின்பற்றுகின்றார்கள்.

எங்கள் மலைக் குளிரும் பனிமூட்டமும் கருவிக்கு எதிரி. வியர்வையும் ஈரமும் போய்விட்டால் சத்தம் நின்றுவிடும். இரவில் துடைத்து, பட்டறி மூடியைத் திறந்து, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்படியில் காய வைக்காதீர்கள். குளிக்கும்போது கழற்றுங்கள். காது அச்சு தனியாகக் கழன்றால் அதை மட்டும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம், கருவியில் தண்ணீர் படக்கூடாது. பட்டறியின் முதுகில் ஒட்டியிருக்கும் நிறக் கடதாசியை உரித்தவுடன் காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. உரித்து ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கள். கடதாசி நீலமென்றால் 675, செம்மஞ்சளென்றால் 13, மண்ணிறமென்றால் 312. கடையில் நிறத்தைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். பழைய பட்டறியைப் பிள்ளைகள் கையில் எட்டவிடாதீர்கள். விழுங்கினால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் தொண்டையைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

திரும்பி வருகின்ற சத்தங்கள்

இது யுத்தத்தைக் கண்ட பெண்களுக்கு மட்டும் உரியது. கருவிக் கடைக்காரரும் சொல்வதில்லை.

தியத்தலாவையில் இராணுவப் பயிற்சி முகாம் இருக்கின்றது. காற்று வாகாக இருந்தால் சுட்டுப் பழகும் சத்தம் சுற்றியுள்ள மலைகளுக்குக் கேட்கும். கிளிநொச்சியிலிருந்து திரும்பிய ஓர் அக்கா பல வருடமாக அங்கே இருந்தார். அது கேட்டதேயில்லை. கருவி போட்ட இரண்டாம் வாரம் ஒரு காலையில் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு வந்து கட்டிலுக்கடியில் படுத்துவிட்டார். “காது போனதுல ஒரு நிம்மதி இருந்திச்சி தங்கச்சி, அது எனக்கே தெரியல” என்று பிறகு சொன்னார். தீபாவளி வெடி, ஹெலிகொப்டர், மேட்டில் லொறி வெடித்துச் சீறுவது எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அவரைக் கட்டாயப்படுத்திக் கருவி போட வைப்பது சரியல்ல. கழற்றிப் பெட்டியில் பூட்டிவிடுவதும் சரியல்ல. அந்த அக்காவோடு பேசி நாங்கள் செய்தது இதுதான்: எந்த நேரம் போடுவது, எப்போது கழற்றுவது என்பதை அவரே தீர்மானிப்பது. சுடும் சத்தம் வந்தால் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை விரல் தேடாமலே எட்டும் வரை பழகுவது. தீபாவளிக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது. உளவளத்துணையாளரிடம் மாதம் ஒருமுறை போவது. மாலையில் இரண்டு மணித்தியாலம், மகளின் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, தவறாமல் போடுவது. இப்போதும் காலையில் அவர் போடுவதில்லை. அது அவருடைய முடிவு.

காதிரைச்சலும் அப்படித்தான். வெடிக்குப் பிறகு காதுக்குள் வண்டு ரீங்கரிப்பது போல, பிறஷர் குக்கர் சீறுவது போல ஓயாமல் கேட்பது பலருக்கு உண்டு. அது பேயுமல்ல, புத்தி பேதலித்ததுமல்ல. கேட்காமல் போன ஒலிகளின் இடத்தில் மூளையே உண்டாக்கும் சத்தம் என்று எளிமையாகச் சொல்லலாம். ராத்திரி அமைதியில் அது பெருக்கும். மெல்ல றேடியோவை ஓடவிட்டுப் படுத்தாலும், பீலித் தண்ணீர் விழும் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைத்தாலும் அடங்கும். கருவி போட்டதும் பலருக்கு அது குறைகின்றது.

ராத்திரி

இரவில் கருவியைக் கழற்றித்தான் தூங்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தாலும், அது லயத்துக்கு வந்து சேர்வது ஒலிபெருக்கியாகவோ தொலைபேசியாகவோ கதவைத் தட்டுகின்ற கையாகவோதான். மூன்றுமே காதை நம்பியவை.

தனியாக இருக்கின்ற ஓர் அம்மாவுக்காக ஒரு லயத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழி இது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் எழும்புவதில்லை, மேலே இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாகக் கூடைக்கயிறு ஒன்றைப் போட்டு, மழைக்கால இரவுகளில் ஒரு நுனியை அம்மாவின் கையிலும் மறு நுனியைப் பக்கத்துக் காம்பறாவில் ஆணியிலும் கட்டிக்கொள்கின்றார்கள். தொலைபேசியில் எச்சரிக்கை வந்தால் பக்கத்து வீட்டுக்காரி முதலில் கயிற்றை இழுக்க வேண்டும், பிறகுதான் தன் சாமானைத் தேட வேண்டும் என்று பேசி வைத்திருக்கின்றார்கள். கருவி டப்பா, உரிக்காத பட்டறி ஒரு அட்டை, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை ஆகியவை ஒரு சிறு பையில் தலைமாட்டில் இருக்கும். உங்கள் பகுதியில் அனர்த்தக் குழுக்கூட்டம் நடந்தால், காது கேளாதவர்கள் யார் யார், அவர்களை யார் எழுப்புவது என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது செக்ரோலில் இருக்கும் சொந்தப் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.